கார் ஈசியூ போய்விட்டது என்று சொல்கிறார்களா? கழற்றுவதற்கு முன் படிக்க: பாலக்காடு எல்லைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகிப் பார்க்கிறார், லைன் கிடைக்கவில்லை. "ஈசியூ போயிருச்சுங்க, புதுசுதான் போடணும்" என்று ஒரு தொகையைச் சொல்கிறார். ஈசியூ என்றால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி. பத்துப் பன்னிரண்டு வயதான காருக்கு அந்தத் தொகையைக் கேட்டால் வண்டியையே விற்றுவிடலாமா என்று தோன்றும்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, சித்தூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு இழுபறியும் உண்டு. வண்டி கேஎல் பதிவு. பழைய பாகம் கிடைப்பது கோயம்புத்தூரில். போர்டு ரிப்பேர் செய்கிறவர் ஒரு ஊர், சாவி ப்ரோக்ராம் செய்கிறவர் இன்னொரு ஊர். இந்த அலைச்சலை நான் பட்டாயிற்று. எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும், எங்கே பணம் வீணாகும் என்பதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: "ஈசியூ போச்சு" என்று சொல்லப்படும் வண்டிகளில் பலவற்றில் ஈசியூ நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் போகும் கரண்ட்டோ, எர்த்தோ, அதோடு சேர்ந்த ஒரு சென்சாரோதான் கெட்டிருக்கும். அதனால் இதில் பாதிக்கு மேல் சோதனைதான். மாற்றும் வேலை அதற்குப் பிறகு.

1. இது உங்களுக்கான வேலையா?

சாவி போட்டுத் திருப்பும் பெட்ரோல் கார், பிஎஸ் 3 அல்லது பிஎஸ் 4 புகை விதிக் காலத்தது என்றால் தாராளமாக இறங்கலாம். காமன் ரயில் டீசல் (ஈசியூ கட்டுப்பாட்டில் அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் வகை) என்றால் சோதனை வரை நீங்களே செய்யுங்கள், மாற்றுவதை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். பல டீசல் கார்களில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உரிய குறியீட்டை ஈசியூவில் எழுதினால்தான் வண்டி ஒழுங்காக ஓடும். புஷ் பட்டன் ஸ்டார்ட் உள்ள கார், 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ் 6 கார் இரண்டிலும் கம்பெனி ஸ்கேனர் இல்லாமல் கதை முடியாது. வாரன்ட்டி மிச்சமிருந்தால் போனட்டைக்கூடத் திறக்க வேண்டாம், நேராக ஷோரூம்.

கருவி என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஹோல்டரோடு ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, இரண்டு முழ வயர், போனில் இணையும் புளூடூத் ஸ்கேனர் ஒன்று. எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஸ்கேனரில் மட்டும் ஆகக் குறைந்த விலைக்குப் போகாதீர்கள். ஈஎல்எம் 327 என்று பெயர் போட்டு வரும் மலிவு நகல்களில் பல, பழைய கார்களின் கே லைனில் (ஸ்கேனரோடு ஈசியூ பேசும் பழைய வகை ஒற்றை வயர்) பேசாது. ஸ்கேனர் பேசாததை ஈசியூ பேசாததாக எடுத்துக்கொள்ளும் தவறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2. சாவியை ஆன் செய்து சும்மா கவனியுங்கள்

ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சாவியை ஆன் நிலையில் நிறுத்தி மூன்றைக் கவனியுங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? பின் சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி ஓடும் சத்தம் கேட்கிறதா? சாவிப் படம் போட்ட இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) விளக்கு மினுக்குகிறதா?

விளக்கு எரிந்து, பம்ப் ஓடினால் ஈசியூ விழித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது கோளாறு பெரும்பாலும் வேறு இடம். விளக்கும் இல்லை, பம்ப் சத்தமும் இல்லை என்றால் ஈசியூவுக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது அது உண்மையிலேயே போய்விட்டது. சில புதிய கார்களில் ஈசியூவோடு தொடர்பு அறுந்தாலும் மீட்டர் போர்டே விளக்கை எரியவிடும். ஆகவே விளக்கை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இம்மொபிலைசர் விளக்கு விடாமல் மினுக்கினால் முதலில் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். சாவிக்குள் இருக்கும் சிப் உடைந்தோ, சாவியின் பேட்டரியை மாற்றும்போது கழன்று விழுந்தோ போயிருக்கலாம். வீட்டு அலமாரியில் கிடக்கும் சாவியிலேயே பிரச்சினை தீர்ந்துபோகும்.

வண்டி சூடானதும் நின்று, அரை மணி நேரம் ஆறினதும் ஓடுகிறதா? கிராங்க் சென்சாரை (இன்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் சென்சார்) முதலில் சந்தேகியுங்கள். ஈசியூ போர்டில் ஈயப் பற்று விட்டிருந்தாலும் இதே மாதிரிதான் செய்யும். ஆனால் சென்சார் விலை சில நூறிலிருந்து ஓரிரு ஆயிரம் வரைதான். மலிவானதை முதலில் விலக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

3. பேட்டரி

இதை அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டபின் மற்றதைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பல ஈசியூக்கள் மயங்கிவிடும். சம்பந்தமே இல்லாத கோடுகள் (ஸ்கேனரில் தெரியும் கோளாறு எண்கள்) எல்லாம் அப்போது பதிவாகும்.

வண்டி ஓடும் நிலையில் இருந்தால் சார்ஜிங்கையும் அளந்துவிடுங்கள். 13.8 முதல் 14.5 வரை சரி. 15ஐத் தாண்டினால் ஆல்டர்நேட்டர் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வேறு ஈசியூவைப் போட்டால் அதுவும் அடுத்து போகும்.

4. ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த்து

இந்தப் படியில்தான் பெரும்பாலான வண்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. உங்கள் மாடலுக்கான வயரிங் படமும், ஈசியூவில் வயர்கள் சொருகும் கப்ளரின் பின் வரிசையும் (எந்தப் பின்னில் எந்த வயர் என்ற பட்டியல்) கட்டாயம் வேண்டும். மாடல் பெயர், வருடம், இன்ஜின் பெயர் மூன்றும் ஒத்துப்போகும் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுங்கள். ஒரே பெயரில் வந்த காருக்கு வருடத்துக்கு வருடம் பின் வரிசை மாறியிருக்கும். வேறு வருடப் படத்தை வைத்துக்கொண்டு அளந்தால் நல்ல ஈசியூவும் செத்ததாகத்தான் தெரியும்.

ஈசியூவுக்குப் பொதுவாக மூன்று வழியில் கரண்ட் வரும். எப்போதும் இருக்கும் பேட்டரி லைன், சாவி ஆனில் வரும் லைன், மெயின் ரிலே வழியாக வரும் லைன். முதல் இரண்டையும் கப்ளரைக் கழற்றிவிட்டுச் சோதிக்கலாம். மீட்டர் 12 வோல்ட் காட்டினால் போதாது. வயரின் உள்ளே பத்து இழை அறுந்து ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். 21 வாட் பல்பு அங்கேதான் உதவும். அந்த லைனுக்கும் ஈசியூ எர்த் பின்னுக்கும் நடுவே பல்பைப் போட்டால் பளிச்சென்று எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் வயரில் எங்கோ துரு. மீட்டர் முனையையோ வயரையோ கப்ளர் ஓட்டைக்குள் அமுக்கித் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கும் டெர்மினல் விரிந்துபோனால் புதிதாக ஒரு கோளாறை நீங்களே உண்டாக்கிய கணக்கு.

மெயின் ரிலே லைனை இப்படிச் சோதிக்க முடியாது. பல கார்களில் அந்த ரிலேயை இழுப்பதே ஈசியூதான், கப்ளரைக் கழற்றினால் ரிலே இழுக்காது. கப்ளரைப் போட்டுவிட்டு, வயர் நுழையும் பின்பக்கத்தில் மெல்லிய ஊசியைச் செருகி அளக்க வேண்டும். சாவி ஆனில் ரிலே இழுக்கவில்லை என்றால் ரிலேயைப் பிடுங்கி, அதன் சாக்கெட்டில் 30, 87 என்ற இரண்டு புள்ளிகளையும் ஃபியூஸ் வைத்த வயரால் சிறிது நேரம் இணைத்துப் பாருங்கள். அப்போது ஈசியூ உயிர் பெற்று ஸ்கேனர் பேசினால் ரிலே அல்லது அதை இழுக்கும் வழிதான் குற்றவாளி. ரிலேயின் விலை சில நூறு ரூபாய்.

எர்த்துக்கு இன்னும் எளிய சோதனை. மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று ஈசியூ எர்த் வயரில். சாவி ஆனிலும் சரி, செல்ஃப் அடிக்கும்போதும் சரி, 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். கிளட்ச், கியர்பாக்ஸ் வேலை பார்த்த கொஞ்ச நாளில் இந்தக் கோளாறு வந்திருந்தால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் மேல் போடும் எர்த் வயரை மறந்துவிடுவது சர்வ சாதாரணம்.

அப்புறம் எலி. நெல் அறுப்பு முடிந்த கையோடு வயல் எலிகள் எல்லாம் வீட்டுப் பக்கம் வந்துவிடும். இரண்டு நாள் நிறுத்திய காரின் பேட்டரிக்கு அடியில் கூடு கட்டும். டார்ச் அடித்து வயரிங்கை முழு நீளத்துக்கும் பாருங்கள். வெளியே டேப் நன்றாக இருந்தாலும் உள்ளே கடித்திருக்கலாம், விரலால் தடவிப் பார்ப்பதே நல்லது.

5. ஐந்து வோல்ட் சோதனை

மெக்கானிக்குகளில் பலர் செய்யாத சோதனை இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

ஈசியூ தன்னைச் சுற்றியுள்ள சென்சார்களுக்கு 5 வோல்ட் கொடுக்கிறது. திராட்டில் சென்சார், மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது), பல கார்களில் ஏசி பிரஷர் சென்சார் எல்லாம் அதே லைனில் தொங்கும். சாவி ஆனில் இவற்றில் ஏதாவது ஒரு சென்சாரின் கப்ளரைக் கழற்றி 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஈசியூவின் உள் சப்ளை உயிரோடு இருக்கிறது.

வரவில்லையா, உடனே ஈசியூ மேல் பழி போடாதீர்கள். மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஏதோ ஒன்றைக் கழற்றிய நொடியில் 5 வோல்ட் திரும்பினால் அந்தச் சென்சார்தான் உள்ளே ஷார்ட் ஆகி மொத்த லைனையும் கீழே இழுத்திருக்கிறது. ஏசி பிரஷர் சென்சார் ஒன்று கெட்டதற்கு இன்ஜினே ஸ்டார்ட் ஆகாமல் போகும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் 5 வோல்ட் வரவில்லை, கரண்ட்டும் எர்த்தும் மேலே சொன்ன சோதனையில் தேறியாயிற்று, இடையில் உள்ள வயரும் அறுபடவில்லை என்றால் மட்டுமே ஈசியூ போய்விட்டது என்று சொல்ல உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது.

6. ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

ஸ்டியரிங்குக்குக் கீழே, ஸ்கேனரைச் சொருகும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் 16ஆம் பின்னில் பேட்டரி கரண்ட், 4, 5ஆம் பின்களில் எர்த். இவை இல்லாவிட்டால் ஸ்கேனரே எரியாது. நிறைய கார்களில் இந்தச் சாக்கெட்டும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் ஒரே ஃபியூஸில் இருக்கும். மட்டமான போன் சார்ஜர் ஒன்று அந்த ஃபியூஸை ஊதியிருந்தால் ஸ்கேனருக்கு லைன் கிடைக்காது.

கேன் லைன் (காரின் கம்ப்யூட்டர் பெட்டிகள் தங்களுக்குள் பேசும் இரட்டை வயர்) உள்ள கார் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு 6, 14 ஆகிய பின்களுக்கு நடுவே ஓம் அளவு பாருங்கள். 60 ஓம் பக்கம் இருந்தால் சரி. 120 என்றால் இரு முனைகளில் ஒன்று அறுந்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு முனை ஈசியூவுக்குள்தான் இருக்கும்.

கோடுகளில் பி0601 முதல் பி0606 வரை உள்ளவை ஈசியூ தன்னைப் பற்றித் தானே சொல்லும் கோடுகள்: நினைவகப் பிழை, ப்ரோக்ராம் பிழை, ப்ராசஸர் பிழை. பேட்டரியை முழு சார்ஜில் வைத்து, கோடை அழித்து, மறுபடியும் அதே கோடு வந்தால் நம்பலாம். பி0335 என்றால் கிராங்க் சென்சார் லைன், பி0562 என்றால் வோல்ட்டேஜ் குறைவு, பி0641 என்றால் அந்த ஐந்து வோல்ட் லைன். இவற்றைப் பார்த்ததும், சோதிக்காமலே ஈசியூவை மாற்றச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். யூ0100 என்பது காரின் மற்ற கம்ப்யூட்டர் பெட்டிகள் "இன்ஜின் கம்ப்யூட்டர் பேசவில்லை" என்று சொல்வது. ஏன் பேசவில்லை என்பதை அது சொல்லாது.

7. கழற்றுதல்

சாவியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் வேலை என்றால் மஞ்சள் நிறக் கப்ளர்களைத் தொடவே வேண்டாம், அவை ஏர்பேக். ஈசியூவைத் தொடுமுன் பாடியின் பெயின்ட் இல்லாத இரும்பு ஒன்றைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னை இறக்கிவிடுங்கள்.

ஈசியூ சில கார்களில் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும், பழைய கார்கள் சிலவற்றில் முன் சீட்டுப் பயணியின் கால் பக்கம், டேஷ்போர்டுக்குள் இருக்கும். இரண்டாவது வகையில் மழைத்தண்ணீர்தான் எமன். முன் கண்ணாடிக்கு அடியில் உள்ள தண்ணீர் போகும் ஓட்டை வேப்பிலையும் தென்னம்பூவும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் தண்ணீர் ப்ளோயர் வழியாக உள்ளே சொட்டும். பயணியின் பக்கம் கால்மிதி நனைந்திருந்தால் காரணம் ஏறக்குறைய அதுதான்.

கப்ளரின் லாக் நெம்புகோலைத் திறந்தால் தானாகவே வெளியே வரும். இழுக்கத் தேவையில்லை. பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, கருகிய வாடை வருகிறதா என்று பாருங்கள். பச்சை மட்டும்தான் என்றால் கான்டாக்ட் க்ளீனர் அடித்துக் காயவைத்து, ஒருமுறை திருப்பிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். லேபிளை நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து அழிந்திருந்தால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எடுங்கள். இனிமேல் எல்லாப் பேச்சும் அந்த லேபிளை வைத்துத்தான்.

8. ரிப்பேரா, பழையதா, புதியதா?

இந்த மூன்றில் எனக்கு வரிசை இதுதான்: முதலில் ரிப்பேர், அது முடியாவிட்டால் பழையதை வாங்கி க்ளோன், கடைசியாகப் புதியது.

ரிப்பேரின் பெரிய லாபம், உங்கள் ஈசியூவே திரும்பி வருவதால் இம்மொபிலைசர், சாவி எதையும் தொட வேண்டியதில்லை. வீங்கிய கெப்பாசிட்டர், விட்டுப்போன ஈயப் பற்று, கருகிப்போன டிரைவர் ஐசி (இக்னிஷன் காயிலையோ இன்ஜெக்டரையோ இயக்கும் சிப்), இவையெல்லாம் போர்டு தெரிந்தவருக்குச் சரிசெய்யக்கூடிய வேலைகள். நான் விசாரித்தபோது பெட்ரோல் கார்களுக்கு மூவாயிரத்திலிருந்து ஏழாயிரம் வரை சொன்னார்கள். கொடுக்கும் முன் இரண்டைக் கேளுங்கள். ரிப்பேர் ஆகாவிட்டால் சோதனைக் கூலி எவ்வளவு? எந்த பாகத்தை மாற்றினீர்கள் என்று பில்லில் எழுதித் தருவீர்களா? இரண்டாவதற்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

பழையது என்றால் கோயம்புத்தூரில் உக்கடம் பக்கத்துப் பழைய பாகக் கடைகள். ஈசியூ மட்டும் நாலாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை, அதற்கு மேல் க்ளோன் செய்யும் கூலி. க்ளோன் என்றால் உங்கள் பழைய ஈசியூவில் உள்ள தகவல் முழுவதையும், இம்மொபிலைசர் குறியீடு உட்பட, வாங்கிய ஈசியூவுக்குள் அப்படியே எழுதுவது. எழுதி முடித்தால் உங்கள் சாவியிலேயே வண்டி ஸ்டார்ட் ஆகும்.

அதனால்தான் இதைக் கொட்டை எழுத்தில் சொல்கிறேன்: உங்கள் வண்டியில் கழற்றிய ஈசியூவை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். "அது வெறும் ஸ்கிராப்புங்ணா, எக்ஸ்சேஞ்சுல ஐந்நூறு கழிச்சுக்கறேன்" என்பார்கள். டிரைவர் ஐசி கருகிய ஈசியூவிலும் பெரும்பாலும் நினைவக சிப் நன்றாகவே இருக்கும். அதைப் படித்தால்தான் க்ளோன். அது கைவிட்டுப் போனால் ஷோரூமில் சாவி, இம்மொபிலைசர் எல்லாவற்றையும் புதிதாகச் சேர்க்க வேண்டி வரும். அந்த ஐந்நூறு, ஐந்தாயிரமாகத் திரும்பும்.

"செட்டாகவே தர்றேன்" என்று ஈசியூ, இம்மொபிலைசர் பெட்டி, சாவி சிப் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கிறவர்களும் உண்டு. மாட்டினால் உடனே ஓடும். ஆனால் அந்தச் சிப்பை ஸ்டியரிங் பூட்டுக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். பிறகு எந்த வெட்டுச் சாவியாலும் உங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்யலாம். "இம்மோ ஆஃப்" என்று ஒரேயடியாக அதை அணைத்துவிடுவதும் இதே ரகம். வண்டி திருடுபோனால் இன்ஷூரன்ஸில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

புதியது சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஏறத்தாழ பதினைந்தாயிரத்திலிருந்து தொடங்கும், டீசலுக்கு முப்பதைத் தாண்டும். கோடிங் கூலி தனி. ஆர்டர் போட்டால் முன்பணம் வாங்குவார்கள். எலெக்ட்ரிக் பாகம் என்பதால் திரும்ப எடுக்க மாட்டார்கள். ஆகவே ஐந்தாம் படியைத் தாண்டாமல் ஆர்டர் போடவே கூடாது.

9. நம்பர் பொருத்தம்

பெட்டி ஒரே மாதிரி இருப்பதும், கப்ளர் சரியாக நுழைவதும் போதாது. லேபிளில் இரண்டு நம்பர் இருக்கும். கார் கம்பெனியின் நம்பர் ஒன்று, பாஷ், டென்சோ போன்ற தயாரிப்பாளரின் நம்பர் ஒன்று. மாருதியில் கம்பெனி நம்பர் பெரும்பாலும் 33920 என்று தொடங்கும், ஹூண்டாயில் 391 என்று. கடைசியில் வரும் எழுத்துகள் வரை பொருந்த வேண்டும். மேனுவல் கியருக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும், பிஎஸ் 3க்கும் பிஎஸ் 4க்கும், சிஎன்ஜி உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ளே இருக்கும் ப்ரோக்ராம் வேறு. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாங்க, போட்டா ஓடும்" என்பார். ஓடலாம். ஐடில் ஏறி இறங்கும், ரேடியேட்டர் ஃபேன் நேரத்துக்கு ஓடாது, பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

10. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஷோரூமோ சாவி ப்ரோக்ராம் செய்கிறவரோ, ஒழுங்காக வேலை பார்க்கிறவர் என்றால் வண்டி உங்களுடையதுதானா என்று கேட்பார். கேட்காதவரிடம் கொடுக்காதீர்கள். ஆர்சி அசல் அல்லது டிஜிலாக்கரில் உள்ள ஆர்சி, உரிமையாளரின் அடையாள அட்டை நகல், இருக்கும் சாவிகள் எல்லாம், கார் வாங்கியபோது கொடுத்த சாவி எண் தகடு, இவ்வளவும் வேண்டும். ஆர்சி இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் அவரிடம் ஒரு கடிதமும் அடையாள நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லைப் பக்கம் தமிழ்நாட்டுப் பதிவு வண்டியை வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் நிறைய, இந்த வேலையில் அவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழைய ஈசியூ வாங்கும்போது கடையின் ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேளுங்கள். பில்லில் ஈசியூ லேபிள் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். ஈசியூவில் அது கழற்றப்பட்ட வண்டியின் அடையாளம் பதிந்திருக்கலாம். திருட்டு வண்டிப் பாகம் என்று தெரிந்து வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் வரும் குற்றம். தெரியாமல்தான் வாங்கினீர்கள் என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்த பில் மட்டும்தான். வேலந்தாவளமோ வாளையாரோ, பையில் ஈசியூவோடு திரும்பும்போது பில்லும் ஆர்சி நகலும் கூடவே இருக்கட்டும்.

அதே வகை ஈசியூ போடுவதற்கு ஆர்சியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் மாறவில்லை.

இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை வழக்கமான கார் பாலிசியில் தானாகக் கெட்டுப்போன எலெக்ட்ரிக் கோளாறுக்குக் காசு வராது. வெள்ளத்தில் மூழ்கியது, எலி கடித்தது என்றால் பாலிசியையும் ஆட்-ஆனையும் பார்த்துக் கேட்கலாம். அப்படியானால் எதையும் கழற்றும் முன்பே கம்பெனிக்குச் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பது கிளெய்மை நீங்களே கெடுத்துக்கொள்வது.

11. எவ்வளவு நாள்?

சோதனைக்கு ஒரு முழு ஞாயிறு ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் நான்காம் படியிலேயே கோட்டை விடுவீர்கள். ரிப்பேருக்கு மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் சொல்வார்கள். ஐசி வர வேண்டியிருந்தால் இன்னும் இழுக்கும். கோயம்புத்தூருக்குக் கிளம்பும் முன் கடை திறந்திருக்கிறதா என்று போன் போட்டுவிடுங்கள். ஓணம் விடுமுறை நமக்கு, ஆயுத பூஜையும் தீபாவளியும் அவர்களுக்கு, நடுவில் ஹர்த்தால் வந்தால் பஸ் இல்லை. லேபிள் படத்தை முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதே நம்பர் இருக்கிறது என்று அவர்கள் பதிலுக்குப் படம் அனுப்பிய பிறகு கிளம்புங்கள். வண்டியை இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. க்ளோன் வேலைக்கு இரண்டு ஈசியூக்களும் போதும்.

12. மாட்டி, ஓட்டி, புகைப் பரிசோதனை வரை

கப்ளரின் ரப்பர் சீல் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். தண்ணீர் புகாமல் இருக்க என்று சிலர் சிலிகான் பூசுவார்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் செம்பை அரித்துவிடும், அதைத் தவிருங்கள். தண்ணீர் சொட்டிய காரணத்தை அடைக்காமல் ஈசியூவை மாட்டாதீர்கள். பேட்டரி நெகட்டிவ் கடைசியில்.

முதல் முறை சாவி ஆனில் சில விநாடி விட்டு அணைத்து, மீண்டும் ஆன் செய்து ஸ்டார்ட் செய்யுங்கள். எலெக்ட்ரானிக் திராட்டில் உள்ள கார்களில் ஐடில் கற்றுக்கொள்ளும் முறை மேனுவலில் இருக்கும், அதன்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நாள் ஐடில் தடுமாறும், அதைப் பார்த்து ஈசியூ சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இன்ஜினைச் சூடாகவிட்டு ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி நிற்கிறதா, ஏசி போட்டால் கம்ப்ரஸர் இழுக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். இந்த இரண்டும் பார்க்காமல் வாளையார் பக்கம் நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம். இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு ஸ்கேனரைப் போட்டு, கோடு எதுவும் திரும்பி வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். எப்போதாவது காரில் வெல்டிங் பற்று வைக்க வேண்டியிருந்தால், ஈசியூ கப்ளரைக் கழற்றிய பிறகுதான்.

பழைய பாகக் கடை ஈசியூ போட்டவர்கள் புகைச் சான்றிதழ் காலாவதியாகும் வரை காத்திருக்காமல் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். பிஎஸ் 4 பெட்ரோல் கார்களுக்கு 2500 ஆர்பிஎம் அளவில் வைத்து லாம்டா அளவையும் (காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் எரிகிறதா என்பதைக் காட்டுவது) பார்ப்பார்கள். அது 0.97க்கும் 1.03க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆக்ஸிஜன் சென்சாரும் சைலன்ஸரும் நன்றாக இருந்தும் அது விலகி நின்றால், உங்களுக்கு எழுதப்பட்டது உங்கள் காரின் ஃபைல்தானா என்று சந்தேகிக்கலாம். பில்லையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு க்ளோன் செய்தவரிடமே போங்கள். வண்டியில் கழற்றிய ஈசியூ உங்கள் கையில் இருப்பதால் மறுபடியும் எழுதித் தர அவருக்கு அரை மணி நேர வேலைதான்.